ஒருவருக்கு உத்தியோகம், ஊருக்கு என்ன?

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்று எம்மவரிடையே ஒரு பழமொழி உண்டு. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே எமது நாவில் கோறணமேந்து ஆகிற்று. அரச உத்தியோகத்தின் மீது எமக்கிருக்கும் மோகத்தைக் கேலி செய்வதற்கு மேடைகளிலும் கட்டுரைகளிலும் இப்பழமொழி தாராளமாகப் பயன்படுத்தப்படுகிறது. கேலி செய்பவர்களுள் பலர் மாதம் தவறாமல் சம்பளமோ ஓய்வூதியமோ பெறுகிறவர்கள் என்பதையும் இங்கு சொல்லிவைக்க வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஏராளமான இளைஞர் யுவதிகள் அரச எழுதுவினைஞர் பதவிக்கான போட்டிப் பரீட்சைக்குத் தம்மை ஆயத்தப்படுத்தி வருகிறார்கள். பதவியின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எழுதுவினைஞர் சேவை பின்னர் அரச முகாமைத்துவ உதவியாளர் சேவையாயிற்று. அதன் பின்னர் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் சேவையாயிற்று. ஊரில் அது இன்னமும் ‘கிளாக்கர் வேலை’தான்.

இப்பரீட்சைக்கு நாம் எவ்வாறு ஆயத்தமாகிறோம் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. ஒரு பதவிக்கு நூறு பேர் படித்தால் தொண்ணூற்றொன்பது பேர் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் அவர்களுடைய ஊருக்கும் அந்தப் படிப்பால் பயன் கிட்ட வேண்டும். அதற்கு வழியுண்டு என்பதே எனது வாதம்.

மோகம் அல்ல, கணக்கு

அரச வேலையை விரும்பும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது எளிது. ஆனால் எமது மண்ணின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்கள் உருவாயின. உத்தியோகம் தேடி அலைந்திருக்கக்கூடிய வாலிபர்கள் காடு வெட்டிக் காணி திருத்தி மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டார்கள். 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் இப்பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்ததனால் விளைந்தவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. அக்காலத்தில் உழைத்து வீடு கட்டியவர்களையும் சகோதரிகளைக் கரை சேர்த்தவர்களையும் பற்றி மூத்தவர்கள் இன்றும் கதைப்பார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, இறக்குமதி பெருகியது, விலை விழுந்தது. மண்ணும் உழைத்த கைகளும் மாறவில்லை. மாறியது கொழும்பில் எடுக்கப்பட்ட தீர்மானம்.

அண்மைய உதாரணமும் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்படுவதற்கு முன்னரே பெரும்போகம் தொடங்கிவிட்டது. நெல் செய்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, களத்துமேட்டில் கண்டார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை, மழைக்கும் விலைக்கும் சுற்றுநிருபத்துக்கும் அசையாத ஒரு மாதச் சம்பளத்தை விரும்புவது மோகம் அல்ல, கணக்கு.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2012/13இல் செய்த வீட்டு வருமான ஆய்வில் முல்லைத்தீவு மாவட்டமே நாட்டில் மிக வறிய மாவட்டமாக இருந்தது. நாட்டின் வறுமை வீதம் 6.7 ஆக இருக்க, முல்லைத்தீவில் அது 28.8. 2016 ஆய்வில் நாட்டின் வீதம் 4.1, கிளிநொச்சியில் 18.2. அவ்வாண்டு முதலிடம் கிளிநொச்சிக்கு. இத்தகைய இடத்தில் ஒரு வீட்டில் ஒருவருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தால், அவ்வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது. இளையவர்களின் படிப்பு தொடர்கிறது. நுண்கடன் வசூலிக்க வருபவருக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டபோது, கூலிக்குப் போகும் வீடுகளில் அது எவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பரீட்சை எதைக் கேட்கிறது?

திறந்த போட்டிப் பரீட்சைக்கு வயதெல்லை 18 முதல் 30 வரை. இதை எமது பிள்ளைகளின் வாழ்க்கையுடன் பொருத்திப் பாருங்கள். 2009இல் 18 வயதாயிருந்த ஒருவர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் தம் வாழ்வை மீளத் தொடங்கினார். 2021இல் அவருக்கு 30 வயது. இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம் என்று போன ஆண்டுகளை எந்த விண்ணப்பப் படிவமும் கழித்துப் பார்ப்பதில்லை. அந்த முகாமில் ‘அ’ எழுதத் தொடங்கிய 5 வயதுப் பிள்ளைக்கோ 2022இல் 18 வயதாயிற்று. 2034இல் அப்பிள்ளைக்கும் இக்கதவு மூடிவிடும். ஆகவே காலம் தாழ்த்த எமக்கு உரிமை இல்லை.

பரீட்சை இரண்டு திறன்களைச் சோதிக்கிறது: ஒன்று மொழித்திறன், மற்றது உளச்சார்பு. உளச்சார்பு என்பதைப் பிள்ளைகள் ‘ஐ.கியூ.’ என்பார்கள். எண் தொடர், உருவத் தொடர், தர்க்கம், கணக்கு என்பன அதில் அடங்கும். மொழித்திறன் வினாத்தாளோ எழுதச் சொல்கிறது: கட்டுரை, கடிதம், ஒரு பந்தியின் சுருக்கம், தரப்பட்ட தகவல்களை அட்டவணையாக்கல், கிரகித்தல், எளிய இலக்கணம்.

நகரத்து ரியூசன் கொட்டில்களில் பெரும் பகுதி நேரம் உளச்சார்புக்கே செலவாகிறது. காரணம் வெளிப்படை. ஐ.கியூ. வினாவை இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் கரும்பலகையில் செய்து காட்டலாம். இருநூறு பேரின் கடிதங்களைத் திருத்த முடியாது. ஆகவே மொழிக்கு மாதிரிக் கட்டுரைகள் போட்டோப் பிரதியாகக் கொடுக்கப்படுகின்றன, பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். “ஐ.கியூ. எல்லாம் செய்வன் பாதர், எழுதச் சொன்னாத்தான் கை ஓடாது” என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது பலருக்கும் பொருந்தும்.

கை ஓடாததற்குக் காரணம் புத்திக்குறைவு அல்ல. எழுத்து, திருத்துபவர் இல்லாமல் வளராது. பாடசாலையில் பல்தேர்வு வினாக்களுக்குப் பழகி, வீட்டில் எழுதுவதற்கு ஒரு தேவையும் இல்லாமல், தொலைபேசியில் அரைச் சொல்லால் பேசிப் பழகிய ஒருவரிடம் திடீரென்று “பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் வரைக” என்றால் என்ன செய்வார்?

ரியூசனுக்கும் எல்லோராலும் போக முடியாது. மாந்தை கிழக்கிலோ துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள கிராமமொன்றிலிருந்து கிளிநொச்சி அல்லது வவுனியா நகருக்குப் போய் வர ஒரு நாட்கூலி பஸ்ஸுக்கே போய்விடும். பின்னேர வகுப்பு முடிந்து இருட்டில் இறங்கி, யானை நடமாடும் வீதியால் பெண்பிள்ளை தனியே சைக்கிளில் வர எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஆகவே போட்டி பரீட்சை மண்டபத்தில் தொடங்குவதில்லை. பஸ் தரிப்பிடத்திலேயே தொடங்கி, பலருக்கு அங்கேயே முடிந்தும் விடுகிறது.

நேர்வழி ஒன்று

இவ்வளவு குறைகள் இருந்தும் இப்பரீட்சை முறையை நாம் பாதுகாக்க வேண்டும். ஏனெனில் இதற்கு மாற்றாக எமது நாடு கண்டவை இதைவிட மோசமானவை.

1977இல் பதவிக்கு வந்த அரசாங்கம் ‘தொழில் வங்கி’ என்றொரு முறையைக் கொண்டு வந்தது. வேலைக்கான விண்ணப்பப் படிவங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கைகளில் கொடுக்கப்பட்டன. உறுப்பினரைத் தெரிந்தவனுக்குப் படிவம், தெரியாதவனுக்கு ஏமாற்றம். தெற்கில் நடந்த இளைஞர் கிளர்ச்சியைத் தொடர்ந்து 1989இல் நியமிக்கப்பட்ட இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 1990இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த அரசியற் சிபாரிசு முறையை இளைஞரின் கொதிப்புக்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. பெயர் மறைத்து, சுட்டிலக்கத்துடன் எழுதும் பரீட்சைக்கு இந்த ஒரு நற்குணம் உண்டு: விடைத்தாள் யாருடைய மருமகன் என்று கேட்பதில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பங்குமனைக்கு வரும் பெற்றோருக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி, அக்கடிதம் தேவைப்படாத வழியைத் திறந்து கொடுப்பதே.

பரீட்சை நேர்வழியாக இருப்பதற்கு மொழியும் நேராக இருக்க வேண்டும் என்பதை எமது சமூகம் பட்டறிந்தது. 1956இன் அரச கரும மொழிச் சட்டத்தின் பின்னர் தமிழ் அரச ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டியவராயினர். கேகாலைக் கச்சேரியில் கடமையாற்றிய கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்றாததால் 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின் மீது வழக்காட முடியாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்காட முடியும் என்று கூறித் திருப்பியனுப்பியது. மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற அடிப்படைக் கேள்விக்கு இறுதி வரை விடை கிடைக்கவேயில்லை. ஒரு சாதாரண எழுதுவினைஞரின் சம்பள ஏற்றத்துக்குள் ஓர் இனத்தின் பிரச்சினை முழுவதும் அடங்கியிருந்தது.

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. இன்று எமது பிள்ளைகள் தமிழிலேயே பரீட்சை எழுதுகிறார்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம், அவ்வாண்டு ஜூலை முதலாந் திகதிக்குப் பின் சேவையில் சேர்ந்தோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. இக்கடமை சிங்கள உத்தியோகத்தருக்கும் உண்டு என்பதால் இதை 1956இன் நிர்ப்பந்தத்துடன் ஒன்றாக எண்ணலாகாது. எமது பிள்ளைகள் சிங்களம் கற்கட்டும்; எமது மாவட்டங்களுக்கு வரும் உத்தியோகத்தர் தமிழ் கற்கவும் நாம் கேட்போம்.

தெரிவு செய்யப்படாதோர்

இனிக் கசப்பான கணக்குக்கு வருவோம். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரச ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அத்தியாவசிய வெற்றிடங்களுக்கு 30,000 பேரைச் சேர்ப்பதாகக் கூறப்பட்டது. அது முழு நாட்டுக்கும், எல்லாச் சேவைகளுக்கும் உரிய தொகை. கடலுக்கு அப்பால் நிலைமை இன்னும் கடினம். தமிழ்நாட்டில் 2024 ஜூனில் நடந்த நான்காம் தொகுதிப் பரீட்சை, கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய பதவிகளுக்கானது. அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 இலட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கும் அதிகம்.

பரீட்சைக்குப் படிக்கும் ஒருவரிடம் “நீ நிச்சயம் சித்தியடைவாய்” என்று சொல்வது அன்பாகத் தோன்றலாம். ஆனால் போட்டிப் பரீட்சையில் எல்லோரும் நன்றாக எழுதினாலும் பெரும்பாலோர் தெரிவாக மாட்டார்கள். முறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. பெறுபேறு வந்த மறுநாள் முதல் தம்மைத் தோற்றவராக எண்ணி, அடுத்த வர்த்தமானி வரும் வரை எதிலும் கை வைக்காமல், 30 வயது வரை காத்திருக்கும் இளைஞர்களை நாம் எல்லோரும் அறிவோம். கலியாணப் பேச்சும் தள்ளிப்போகிறது. தோட்டக் கிணறும் தூர்ந்து போகிறது. காத்திருப்பே தொழிலாகிவிடுகிறது.

இவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்வது, “வேலை கிடைக்காவிட்டால் சுயதொழில் செய்” என்பது. அது ஆறுதல் பரிசு போலவே காதில் விழுகிறது. எமது வினா வேறாக இருக்க வேண்டும். அவர் படித்த அந்த இரண்டு மூன்று ஆண்டுப் படிப்பு இப்போது எங்கே? மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கியிருந்தால் அது எங்கும் இல்லை, மறந்து போயிருக்கும். உண்மையாகவே ஒரு கடிதம் எழுதவும், சுற்றுநிருபம் ஒன்றை வாசித்துப் பத்து வரியில் சொல்லவும், கணக்கை அட்டவணையாக்கவும் கற்றிருந்தால் அது அவரிடம் இருக்கிறது, ஊரிலும் இருக்கிறது.

ஊர்க் காகிதங்களே பாடநூல்

எமது கிராமங்களில் எழுத்துக்கு எவ்வளவு பஞ்சம் என்பதைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் அறிவர். “பாதர், இந்தக் கடிதம் என்ன சொல்லுது எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்று பொலித்தீன் பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டும் தாய்மார் எத்தனை பேர்! காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத்திட்ட விண்ணப்பம், வெள்ள நிவாரணம், நுண்கடன் உடன்படிக்கை, காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி எழுதிய முறைப்பாடு என்று ஒரு குடும்பத்தின் வரலாறே அந்தப் பைக்குள் இருக்கும். பதில் வராததற்குச் சில வேளைகளில் காரணம் மிகச் சிறியது: திகதி இல்லை, முந்திய கடிதத்தின் இலக்கம் குறிப்பிடப்படவில்லை, பிரதி வைத்துக்கொள்ளவில்லை.

இவையெல்லாம் எழுதுவினைஞர் பரீட்சையின் பாடத்திட்டத்துக்குள் அடங்குபவை என்பதைக் கவனியுங்கள். ஆகவே எனது முன்மொழிவு இது. நகரத்து ரியூசனுக்குப் போட்டியாக இன்னொரு ரியூசன் வேண்டாம். ஒவ்வொரு கிராமத்திலும் சனசமூக நிலையத்திலோ ஆலய மண்டபத்திலோ பாடசாலையிலோ பத்துப் பதினைந்து பேர் கொண்ட படிப்பு வட்டம் ஒன்று வாரம் இரு முறை கூடட்டும். கடந்தகால வினாத்தாள்களோடு ஊர்க் காகிதங்களும் அதன் பாடநூலாகட்டும்.

கடிதப் பயிற்சிக்கு: கமக்காரர் அமைப்பு வாய்க்கால் திருத்தத்துக்காக கமநல சேவை நிலையத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை வட்டத்தில் உள்ள எல்லோரும் வரையட்டும். ‘எனது இலக்கம்’, ‘உமது இலக்கம்’, விடயத் தலைப்பு, ‘ஊடாக’, பிரதி பெறுவோர் என்ற ஒழுங்கைப் பழகட்டும். சிறந்ததைச் சங்கம் உண்மையாகவே அனுப்பட்டும். பதில் வந்தால் அதுவே அடுத்த பாடம்.

சுருக்கம் எழுதுவதற்கு: பிரதேச செயலகத்தில் ஒட்டப்படும் அறிவித்தலையோ புதிய சுற்றுநிருபத்தையோ மூன்றிலொரு பங்காகச் சுருக்கி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு விளங்கியதா என்பதே புள்ளி.

அட்டவணைக்கும் கணக்குக்கும்: ஊரில் எத்தனை ஏக்கர் விதைக்கப்பட்டது, எத்தனை மூடை வந்தது, என்ன விலை போனது என்பதைச் சேர்த்து மூன்று போகங்களுக்கு அட்டவணை போடட்டும். நுண்கடன் உடன்படிக்கையின் வட்டியைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது இத்தகைய ஒரு பதிவு கையில் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இழப்பை எடுத்துக்காட்டுவதில் எவ்வளவு வேறுபாடு இருந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள்.

கூட்டக்குறிப்புக்கு: ஊர்ச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளை வட்டத்தினர் முறை வைத்து எழுதட்டும். கேட்டதை அதே நேரத்தில் சுருக்கி எழுதுவதைவிடச் சிறந்த மொழிப் பயிற்சி இல்லை.

சட்டத்துக்கும்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச அலுவலகமொன்றிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவ்வலுவலகம் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு வட்டமும் ஆண்டுக்கு ஒரு விண்ணப்பமாவது எழுதிப் பார்க்கட்டும். நாளை அதே விண்ணப்பத்தைப் பெறும் கதிரையில் இவர்களில் ஒருவர் அமரக்கூடும்.

வர்த்தமானிக்கு: அது வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. வட்டத்தில் ஒருவர் அதைப் பார்த்துப் பரீட்சை அறிவித்தல்களையும் முடிவுத் திகதிகளையும் பலகையில் எழுதும் பொறுப்பை ஏற்கட்டும். முடிவுத் திகதி கடந்தபின் செய்தி அறிவது எமது உட்கிராமங்களுக்குப் பழகிப்போன இழப்பு.

இது நடக்கக்கூடியதா என்று கேட்போருக்கு ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் பழநிக்கு அருகிலுள்ள ஆயக்குடி ஒரு சிறிய ஊர். அங்கு தன்னார்வலர்கள் நடத்தும் இலவசப் பயிற்சி மையத்துக்கு வார இறுதிகளில் தொலைவூர்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து போட்டிப் பரீட்சைகளுக்குப் படித்திருக்கிறார்கள். அங்கு படித்துப் பலர் அரச பணியில் சேர்ந்திருக்கிறார்கள். பெருநகரமும் பெருங்கட்டணமும் இல்லாமலே இது நடந்தது. எமது ஊர்களிலும் ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள், கச்சேரியில் முப்பது ஆண்டு கடமையாற்றிய எழுதுவினைஞர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் கச்சேரிகள் இடத்துக்கிடம் பெயர்ந்தபோதும், கடதாசித் தட்டுப்பாட்டுக்குள்ளும் கோவைகளைக் காத்து நிர்வாகத்தை நடத்தியவர்கள் அவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வாரத்தில் பத்துக் கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தால், எந்த ரியூசனும் தர முடியாததைத் தந்தவராவர்.

சில மறுப்புகள்

“பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் நேரத்தை ஊர்வேலையில் வீணாக்கலாமா?” என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஐ.கியூ. பயிற்சியை இவ்வட்டம் கைவிடச் சொல்லவில்லை. அதையும் நேரம் வைத்துச் செய்ய வேண்டும். ஆனால் மொழித்தாளில் தெரிந்த மாதிரிக் கட்டுரையின் தலைப்பு வருமா என்று காத்திருப்பவரைவிட, எந்தத் தலைப்புக்கும் எழுதக் கை பழகியவரே பரீட்சையிலும் முந்துவார். ஊருக்குப் பயன்படும் ஆயத்தமும் பரீட்சைக்குப் பயன்படும் ஆயத்தமும் இங்கு ஒன்றே.

“அபிவிருத்திப் பணி செய்பவர்கள் பிள்ளைகளை மண்ணிலிருந்து பிரித்துக் கந்தோருக்கு அனுப்பலாமா?” என்று எம்மோடு பணி செய்யும் சிலரே கேட்கிறார்கள். கமத்தைப் பெருமையான தொழிலாக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் விலையும் நீரும் சந்தையும் உறுதியாகாத நிலையில் “நீ மண்ணிலேயே இரு” என்று பிறர் பிள்ளைக்கு உபதேசிப்பது எளிது. மேலும், கமக்காரனுக்கும் இன்று எழுத்து வேண்டும். உரமானியமும் காப்புறுதியும் கடனும் படிவத்தின் வழியாகவே வருகின்றன.

மூன்றாவது மறுப்பு சற்று ஆழமானது. “எங்கட பிள்ளை கிளாக்கராய்ப் போனபிறகு எங்களையே தெரியாது” என்று ஒரு முதியவர் சொன்னார். வரிசையில் நின்ற வீட்டிலிருந்து வந்தவரே, கதிரையில் அமர்ந்ததும் “நாளைக்கு வாங்கோ” என்று சொல்லப் பழகிவிடுவதை நாம் காண்கிறோம். தனியே படித்து, தன் திறமையால் மட்டுமே வென்றதாக எண்ணுபவருக்கு இது எளிதில் நேரும். அண்டை வீட்டாரின் காணிக் கடிதத்தை எழுதிப் பழகி, ஊரே திருத்திய கொப்பியோடு பரீட்சைக்குப் போனவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. அந்தப் பொலித்தீன் பைக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மனம் மாறாது என்று உறுதி கூற யாராலும் முடியாது. ஆயினும் மனிதர் எவ்வழியால் ஏறினார்களோ அவ்வழியின் தூசி சிறிது காலமாவது காலில் இருக்கும்.

செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் திட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. ஒரு மண்டபத்தின் திறப்பு, ஒரு கரும்பலகை, மின்குமிழ், கடந்தகால வினாத்தாள்கள், பழைய பத்திரிகைகள், திருத்துவதற்கு ஓர் ஆள்: இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். வகுப்பு இருட்டுவதற்கு முன் முடிய வேண்டும். இல்லையேல் பெண்பிள்ளைகள் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவர். மாற்றுத்திறனாளிகள் ஏறி உள்ளே வரக்கூடிய இடமாகவும் அது இருக்க வேண்டும். போர் எமது ஊர்களில் அத்தகையோரைப் பெருக்கிவிட்டது. பக்கத்து ஊரில் சிங்களம் தெரிந்த ஒருவர் இருந்தால் வாரம் ஒரு மணி நேரம் அழைக்கலாம். கட்டணம் வாங்க வேண்டாம்; பதிலுக்கு ஒவ்வொருவரும் மாதம் ஒரு குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டும்.

இதை வாசிக்கும் பங்குகளிலும் சங்கங்களிலும் ஒன்றேனும் இவ்வாண்டு தொடங்கிப் பார்க்குமாறு கேட்கிறேன். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் அந்த வட்டத்திலிருந்து ஒருவர் தெரிவாகலாம். ஒருவரும் தெரிவாகாமலும் போகலாம். இரண்டில் எது நடந்தாலும், அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் அதே வாங்குகளில் பதினான்கு பேர் இருப்பார்கள். வாய்க்கால் கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கும்.